பஞ்சவர்ணம் தவறிட்டாங்க

போன ஆவணி மாதம், ஒரு முகூர்த்த நாள். மதுரை சிம்மக்கல்லில் பழ மண்டி ஒன்றின் மாடியில் இருக்கிற எங்கள் அலுவலகத்தில் தொடங்கி, திண்டுக்கல் ரோட்டில் பரவையில் ஒரு வீட்டு வாசலில் போய் முடிந்தது இது.

நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து வேலை பார்க்கிற சின்ன இடம். கீழே வாழைத்தார் இறக்குகிற சத்தம், மேலே நாங்கள் கீபோர்டு தட்டுகிற சத்தம். கல்லூரி முடித்த கையோடு அங்கே சேர்ந்திருந்தேன். சென்னை, பெங்களூர் என்று போகாமல் உள்ளூரிலேயே கம்ப்யூட்டர் வேலை கிடைத்த சந்தோஷத்தில் கால் தரையில் பாவாமல் திரிந்த நேரம். யார் எந்த வேலையைச் சொன்னாலும் "நான் செய்றேன்" என்று முதலில் கை தூக்குவேன்.

கேபிள் டிவிக்காரர்கள் இப்போது வீடுகளுக்கு நெட்டும் கொடுக்கிறார்கள் அல்லவா? அவர்களுக்காக நாங்கள் ஒரு புரோகிராம் எழுதியிருந்தோம். நெட்டில் போகிற எதுவும், படமோ பேச்சோ, துண்டு துண்டாகத்தான் போகும். அந்தத் துண்டுக்குப் பாக்கெட் என்று பெயர். எங்கள் புரோகிராம் கேபிள்காரரின் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்துகொண்டு, போகிற வருகிற பாக்கெட்டை எல்லாம் பார்த்துக்கொண்டே இருக்கும். ஏதாவது ஒரு வீட்டுக்கான பாக்கெட்டுகள் போய்ச் சேராமல் காணாமல் போனால், லைன்மேன் போனுக்கு உடனே ஒரு செய்தி அனுப்பும். அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சரிசெய்வார்.

சிக்கல் என்னவென்றால், அந்தச் செய்தி மனிதர்கள் படிக்கிற மாதிரி இருக்காது. எர்ரர் பதினேழு, டிராப் என்று தொடங்கி, நடுநடுவே புள்ளி வைத்த நீளமான ஒரு நம்பரோடு முடியும். பரவைப் பக்கம் பார்க்கிற லைன்மேன் அண்ணன் ஒருநாள் நேரிலேயே வந்துவிட்டார்.

"தங்கச்சி, இது என்ன லாட்டரி ரிசல்ட்டா? எந்த வீடு, என்ன கோளாறு, ரெண்டே ரெண்டு வார்த்தை. நம்ம பாசையில சொல்லு. மத்தத நான் பாத்துக்கிறேன்."

அவ்வளவுதான். அந்த வேலையை நான் கையில் எடுத்துக்கொண்டேன். எல்லாச் செய்தியையும் தமிழில், படித்த உடனே புரிகிற மாதிரி மாற்றுவது என்று முடிவு.

முதலில், "பாக்கெட் தவறியது" என்று போட்டேன். மறுநாளே அண்ணன் போன். "ஏம்மா, என் வீட்டுக்காரி இதப் படிச்சுப்புட்டா. எந்தப் பாக்கெட்ட எங்க தவறவிட்டுட்டு வந்தீகன்னு என் சட்டையக் கழட்டி உதறுறா. அந்தப் பாக்கெட்ட மொதல்ல தூக்கு."

தூக்கினேன். நம்பரையும் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் வீட்டுக்காரர் பெயரையும் ஊரையும் வரவைத்தேன். உண்மைப் பெயர் வேண்டாம், பஞ்சவர்ணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "பஞ்சவர்ணம், பரவை: தவறியது." அண்ணனிடம் காட்டினேன். அவருக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

"அந்தக்கா எம்புட்டுப் பெரியவுக. அவுக பேரப் போட்டு, ஆடு மாடு கணக்கா 'தவறியது'ங்கிற. மரியாதையாப் போடு தங்கச்சி."

சொல்வதும் நியாயம்தானே என்று தோன்றியது. அவர் படி இறங்குவதற்குள் மாற்ற ஆரம்பித்துவிட்டேன். பெயர் வந்தால் மரியாதை விகுதியும் கூடவே வரவேண்டும் என்று புரோகிராமில் ஒரு வரி. கோளாறு வந்தால் "தவறிட்டாங்க." சரியாகிவிட்டால் "திரும்ப வந்துட்டாங்க." சோதித்தும் பார்த்தேன். சோதனைக்கு நான் வைத்திருந்த வாடிக்கையாளர் பெயர் "டெஸ்ட் ஒன்று". "டெஸ்ட் ஒன்று, மதுரை: தவறிட்டாங்க" என்று அழகாக வந்தது. நம் ஊர்க்காரர் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி இருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை.

இதைப் படிக்கிற உங்களுக்கு இப்போதே பகீர் என்றிருக்கும். எனக்கு அப்போது ஒன்றுமே தோன்றவில்லை. ஒரு வாரமாக அந்த ஒரு வார்த்தையைப் பாக்கெட்டுக்கு மட்டுமே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அதில் பாக்கெட்தான் தெரிந்தது, மனிதர் தெரியவில்லை.

இன்னொரு காரியமும் செய்திருந்தேன். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் நிறையப் பேர், ஊரில் தனியாக இருக்கிற அம்மா அப்பாவைப் பார்ப்பதற்காக வாசலில் கேமரா மாட்டி வைத்திருக்கிறார்கள். லைன் போனால் அவர்களுக்கும் செய்தி போகட்டுமே என்று, குடும்பத்தார் நம்பர் ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வழி செய்தேன். முதலில் கேட்டு வாங்கிக்கொண்டவர் பஞ்சவர்ணம் அம்மாவின் மகன். வளைகுடாவில் வேலை பார்க்கிறார். ஒரே பிள்ளை. அப்பா இல்லை. அவருக்குத் தினமும் அம்மாவைக் கேமராவில் பார்த்தால்தான் வேலை ஓடும் என்று லைன்மேன் அண்ணன் சொல்லியிருந்தார்.

அந்த முகூர்த்த நாள் காலையில் புதுச் செய்திகளை ஓடவிட்டேன். கொஞ்ச நேரத்திலேயே திரையில் முதல் செய்தி. "பஞ்சவர்ணம், பரவை: தவறிட்டாங்க." லைன்மேனுக்குப் போய்விட்டது, மகனுக்கும் போய்விட்டது. இரண்டுக்கும் நேராகப் பச்சை டிக். நாற்காலியில் இருந்து துள்ளி எழுந்து கை தட்டினேன். கீழே போய் எல்லாருக்கும் டீயும் வடையும் வாங்கி வந்தேன். ஒரு மனிதருக்கு அவருடைய அம்மா இறந்துவிட்டதாகச் செய்தி அனுப்பிவிட்டு, நான் வடை வாங்கிக் கொடுத்துக் கொண்டாடிக்கொண்டிருந்தேன்.

செய்தி அனுப்புகிற நம்பர் இருக்கிற போன் என் மேசையில்தான் இருக்கும். யாராவது பதில் போட்டால் நான்தான் பார்ப்பேன். வடையைக் கடித்துக்கொண்டிருக்கும்போது, தெரியாத ஒரு நம்பரில் இருந்து வாட்ஸ்அப் வந்தது.

"எப்ப எடுக்குறாக?"

எங்கள் தொழிலில் புகாரைக் கவனிப்பதைக் 'கம்ப்ளைன்ட் எடுக்கிறது' என்றுதான் சொல்வோம். வீட்டில் வேறு யாரோ கேட்கிறார்கள் போல, எவ்வளவு வேகமாகக் கவனிக்கிறோம் என்று காட்டுவோம் என நினைத்து, உடனே பதில் தட்டினேன். "வருந்துகிறோம். இன்று மாலை நாலு மணிக்குள் எடுத்துவிடுவோம்."

அடுத்த நிமிடமே பதில். "நாங்க உசிலம்பட்டிப் பக்கமிருந்து வாரோம். வர்ற வரைக்கும் பொறுங்க."

வீடு பூட்டியிருக்கிறது போல, இவர்கள் வந்துதான் கதவைத் திறந்துவிட வேண்டும் போல என்று எனக்கு நானே அர்த்தம் சொல்லிக்கொண்டேன். "கண்டிப்பாக. நீங்கள் வந்த பிறகே எடுக்கிறோம்" என்று போட்டேன். இரண்டு கைகள் கும்பிடுகிற படம் வந்தது. என்ன மரியாதையான வாடிக்கையாளர் என்று பக்கத்து சீட்டுப் பையனிடம் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற நேரம், லைன்மேன் அண்ணனிடம் இருந்து போன். அவருக்கு நான் அனுப்புவதெல்லாம் லைன் கோளாறுதான் என்று தெரியும். அதனால் ஏணியும் வயரும் எடுத்துக்கொண்டு பரவைக்குப் போயிருந்தார்.

"தங்கச்சி, நீ காலையில அனுப்பிச்சியே, அத வேற யாருக்கு அனுப்பிச்ச?"

"அவங்க மகனுக்குண்ணே. ஏன்?"

"இங்க பந்தல் போடுறாய்ங்க."

"விசேசமா?"

"சேர் இறக்கிட்டாய்ங்க. சங்கு ஊதுறவரு வந்து உக்காந்து பீடி குடிச்சுக்கிட்டு இருக்காரு. தங்கச்சி, அனுப்பிச்சத ஒருக்கா வாய்விட்டுப் படிச்சுப் பாரு."

வாய்விட்டுப் படித்தேன். பஞ்சவர்ணம், பரவை. தவறிட்டாங்க.

கையில் இருந்த டப்பா மூடி தரையில் விழுந்து உருண்டு போனது. அதன் சத்தம் மட்டும் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. போனை எடுத்து அந்த வாட்ஸ்அப்பை மறுபடியும் பார்த்தேன். 'எப்ப எடுக்குறாக.' பாடியை எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார். நான் வருத்தம் தெரிவித்து, நேரமும் குறித்துக் கொடுத்து, வந்த பிறகே எடுக்கிறோம் என்று வாக்கும் கொடுத்திருக்கிறேன்.

"அந்தம்மா எங்கண்ணே?"

"அதான் தெரியல. வீடு பூட்டிக் கெடக்கு. போன் உள்ள அடிச்சுக்கிட்டே இருக்கு. பாடி பெரியாஸ்பத்திரியில இருக்கு, நாலு மணிக்கு வருதுன்னு எல்லாரும் பேசிக்கிறாய்ங்க. இது நெட்டுக் கம்ப்ளைன்ட்டுய்யான்னா, என்னைய அடிக்க வாராய்ங்க. நீயே வந்து சொல்லு."

ஸ்கூட்டியை எடுத்தேன். பாலம் ஏறி, செல்லூர் தாண்டி, தத்தனேரி வழியாகத்தான் போகவேண்டும். மதுரைக்காரர்களுக்குத் தத்தனேரி என்றாலே மயானம்தான். அந்த இடத்தைத் தாண்டும்போது அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் மகனின் நம்பருக்குப் போட்டேன். பிசி, பிசி, பிசி. அவர் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவருக்காகப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது. கடல் தாண்டி ஒருவர் அம்மா செத்துப்போனதாக நினைத்து அழுதுகொண்டிருக்கிறார். கேமராவைத் திறந்து பார்த்தால் அதுவும் கறுப்பாக இருக்கும். அம்மாவுக்குப் போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை. நம்பாமல் என்ன செய்வார்?

இதைவிடப் பெரிய பயம் ஒன்றும் விளாங்குடி தாண்டும்போது வந்தது. பூட்டிய வீட்டுக்குள் போன் அடிக்கிறது என்றாரே. ஒருவேளை உண்மையிலேயே அந்த அம்மா உள்ளே விழுந்து கிடந்தால்?

பரவையில் அந்தத் தெருவுக்குள் திரும்பியதுமே தெரிந்தது. வீட்டு முன்னால் சாமியானா, சிவப்புப் பிளாஸ்டிக் சேர்கள், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஆண்கள். பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். லைன்மேன் அண்ணன் ஏணியைக் கட்டிப்பிடித்தபடி மின்கம்பத்தோடு ஒட்டி நின்றார். வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று காலையில் அந்த வழியாகப் போனபோது, வீட்டுக்குப் போகிற வயரை இழுத்து அறுத்துவிட்டுப் போயிருக்கிறது. நடந்த சாவு அது ஒன்றுதான்.

"வந்துருச்சு. இந்தப் புள்ளதான் அனுப்பிச்சது" என்றார் அண்ணன். கூட்டம் மொத்தமும் என்னைப் பார்த்தது.

நடுவில் இருந்து ஒருவர் எழுந்து வந்தார். அந்த அம்மாவின் தம்பி. கையில் ஜவுளிக்கடைப் பை. எங்கள் பக்கம் ஒரு பெண் இறந்தால், பிறந்த வீட்டில் இருந்து கோடிச் சேலை எடுத்துக்கொண்டு வரவேண்டும். அதைத்தான் எடுத்து வந்திருக்கிறார் என்று பையைப் பார்த்ததும் தெரிந்தது. வாட்ஸ்அப்பில் என்னிடம் நேரம் கேட்டவரும் இவர்தான்.

"தாயி, நீ கூட இருந்தியா? எங்கக்கா கடைசியா எதுவும் சொல்லுச்சா? எங்கூடப் பேச்சுவார்த்தை இல்லாமயே போய்ச் சேந்துருச்சே."

"ஐயா, அவங்க தவறல. பாக்கெட்தான் தவறுச்சு."

"என்ன பாக்கெட்டு?"

"கேமராவுல இருந்து வர்றது. லாரி இழுத்து அறுத்துட்டுப் போயிருச்சு. அது எப்பவுமே துண்டு துண்டாத்தான் போகும், அதுல கொஞ்சம்..."

"அய்யய்யோ, லாரியா!" என்று ஒரு அம்மா மார்பில் அடித்துக்கொண்டார். "துண்டு துண்டாவா!" என்று இன்னொரு அம்மா. அதுவரை விசும்பிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் ஓவென்று குரலெடுத்தார்கள். சங்குக்காரர் பீடியைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார். தம்பி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

புரிகிற மாதிரி செய்தி எழுதுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள் நான்.

"கதவ ஒடைங்கப்பா, உள்ளயாவது பாப்போம்" என்று யாரோ சொன்னார்கள். இரண்டு பேர் கடப்பாறை தேடப் போனார்கள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தேன். அலமாரி, டிவி, கட்டிலில் மடித்து வைத்த போர்வை. சார்ஜில் கிடந்த போன் வெளிச்சமாக அடித்துக்கொண்டிருந்தது. ஆள் இல்லை. உள்ளே விழுந்து கிடக்கவில்லை. ஆனால் அந்த அம்மா எங்கே?

அப்போதுதான் தெருமுனையில், மெயின் ரோட்டில் டவுன் பஸ் நின்று கிளம்புகிற சத்தம் கேட்டது. பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மா, கையில் தாம்பூலப் பையோடு வேகமாக நடந்து வந்தார். திருப்பரங்குன்றத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டு வருகிறார் என்பதெல்லாம் பிறகுதான் தெரியும். பாதித் தெரு வந்தவர், தன் வீட்டு வாசலில் பந்தலைப் பார்த்தார். சேர்களைப் பார்த்தார். அழுகிற பெண்களைப் பார்த்தார்.

நின்றுவிட்டார்.

கூட்டத்தில் யாரும் இன்னும் அவரைக் கவனிக்கவில்லை. நான் மட்டும் பார்த்தேன். போட்டோவில்கூடப் பார்த்ததில்லை, ஆனால் அவர்தான் என்று தெரிந்துவிட்டது. 'அப்பாடா' என்று ஓடிப்போய் அவர் கையைப் பிடிக்கத்தான் காலெடுத்து வைத்தேன். அதற்குள் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். அதை என்னால் எழுத முடியாது. பூட்டிவிட்டுப் போன வீடு. உள்ளே வேறு யாரும் இல்லை. அந்த வாசலில் ஊர் கூடி அழுகிறது என்றால், அவர் யாருக்காக என்று நினைப்பார்?

தாம்பூலப் பை கையில் இருந்து நழுவியது. தேங்காய் உருண்டது.

"எம் மகனுக்கு என்னாச்சு? எய்யா, எந் தங்கமே!"

நடுரோட்டில் மடிந்து உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். சத்தம் கேட்டுத் திரும்பிய கூட்டத்தில் இருந்து ஓர் அலறல் வந்தது பாருங்கள், அந்த மாதிரி ஒன்றை நான் கேட்டதே இல்லை. யாருக்காக அழுதுகொண்டிருந்தார்களோ, அவரே வந்து தெருவில் உட்கார்ந்து அழுகிறார். இரண்டு பேர் பின்னால் ஓடினார்கள். சேர்கள் சரிந்து விழுந்தன. தம்பி மட்டும் தரையில் உட்கார்ந்த இடத்தில் இருந்து வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஓடிப்போய் அந்த அம்மாவின் இரண்டு கையையும் பிடித்தேன். "அம்மா, உங்க மகன் நல்லா இருக்காரும்மா. அவருக்கு ஒண்ணுமில்ல."

"பொய் சொல்லாத! அப்ப இம்புட்டுக் கூட்டம் யாருக்கு?"

எப்படிச் சுற்றி வளைத்தாலும் பதில் ஒன்றுதான்.

"உங்களுக்குத்தாம்மா."

அழுகை அப்படியே நின்றுவிட்டது. "எனக்கா?" என்றார். பந்தலைப் பார்த்தார். சங்குக்காரரைப் பார்த்தார். தம்பி கையில் இருந்த பையைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். "எனக்கா?"

ஆளுக்கொரு கை பிடித்து, அவருக்காகவே வாடகைக்கு எடுத்த ஒரு சேரில் அவரை உட்கார வைத்தோம். அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன். பாக்கெட் என்ற வார்த்தையே இல்லாமல் சொன்னேன். லைன் போயிருச்சுன்னு எழுத வேண்டிய இடத்துல, நீங்க போயிட்டீங்கன்னு எழுதிட்டேம்மா என்றேன். யாரோ சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தார்கள். அவர் வாங்கவில்லை.

"அப்ப எம் பையன் அங்க, நான் செத்துட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கானா?"

நான் தலையை ஆட்டினேன்.

"அவங்கிட்டப் பேசாம எனக்குப் பச்சத்தண்ணி எறங்காது. போனப் போடுங்க."

போட்டோம். நான் போட்டேன், தம்பி போட்டார், பக்கத்து வீட்டுக்காரர் போட்டார். இப்போது பிசியும் இல்லை, தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. பிளைட் ஏறிவிட்டானோ என்றார் ஒருவர். அங்கே ஏதாவது செய்துகொண்டானோ என்று இன்னொருவர் ஆரம்பிக்க, தம்பி அவரை முறைத்து அடக்கினார். அந்த அம்மா சேரின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கதவுக்கு மேலே இருந்த கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையிலகூட, போயிட்டு வாரேன்டான்னு அதுக்கிட்டச் சொல்லிட்டுத்தானே போனேன்" என்றார் மெதுவாக.

அது பேசவும் கேட்கவும் வசதியுள்ள கேமரா. வெளியே எங்கே கிளம்பினாலும் வாசலில் நின்று அதைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவது அவர் வழக்கமாம். அன்றைக்கு அவர் சொன்னபோது வயர் அறுந்துவிட்டிருந்தது. அந்தப் 'போயிட்டு வாரேன்'தான் போய்ச் சேராமல் தொலைந்திருக்கிறது. அதற்குத்தான் நான் 'தவறிட்டாங்க' என்று பெயர் வைத்திருக்கிறேன்.

இத்தனைக்கும் நடுவில் லைன்மேன் அண்ணன் ஏணியைக் கம்பத்தில் சாத்தி மேலே ஏறியிருந்தார். அறுந்த வயரைக் கழற்றி எறிந்துவிட்டு, புது வயரை வீட்டுக்கு இழுத்து மாட்டிக்கொண்டிருந்தார். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். கேமராவில் சின்னதாக ஒரு நீல விளக்கு மின்னியது.

அதே நொடி, கம்பத்தின் மேல் அண்ணன் சட்டைப் பையில் அவர் போன் கூவியது. குடும்பத்தார் நம்பருக்கு வருகிறதை எல்லாம், அனுப்பிய நம்பரோடு, மகன் தன் தாய்மாமனுக்கும் தானாகப் போகிற மாதிரி வைத்திருந்தாராம். அவர் ரூமுக்குள் டவர் எடுக்காது, வைஃபை உண்டு; போன் போகாவிட்டாலும் செய்தி போய்விடும். இரண்டு நொடி கழித்துத் தம்பியின் போனும் கூவியது. அவர் அதை எடுத்து, கண்ணைச் சுருக்கி, எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார்.

"பஞ்சவர்ணம், பரவை. திரும்ப வந்துட்டாங்க."

படித்துவிட்டு அவர் அக்காவை நிமிர்ந்து பார்த்த பார்வையை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். சங்குக்காரர் சத்தமில்லாமல் சங்கைப் பைக்குள் வைத்தார்.

சரியாகிவிட்டால் அனுப்பச் சொல்லி நானே எழுதிய செய்திதான். ஆனாலும் நானே அந்த அம்மாவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

அப்புறம் எவ்வளவு நேரம் என்று தெரியாது. கதவுக்கு மேலே கரகரவென்று ஒரு சத்தம். அதற்குப் பின்னால் ஒரு ஆண் குரல்.

"அம்மா? அம்மா, அது நீதானா?"

அந்த அம்மா எழுந்து நின்றார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். கேமராவுக்கு நேராகப் போய் அண்ணாந்து நின்றுகொண்டு தொடங்கினார் பாருங்கள்.

"நான் இல்லாமப் பின்ன பேயாடா? ஒரு நேரம் போன எடுக்கலைன்னா செத்துப்போயிருவேனா? பந்தலுக்குச் சொல்லி, சங்குக்குச் சொல்லி, ஏண்டா, ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டியாடா?"

மேலே இருந்து அழுகைச் சத்தம் மட்டும் வந்தது. கொஞ்ச நேரத்தில் அதன் ஊடாகச் சிரிப்பும் வந்தது. அழுதது போதும் என்று அதட்டிவிட்டு, அவர் அந்தச் சொம்புத் தண்ணீரை வாங்கி, கேமராவைப் பார்த்தபடியே குடித்தார்.

அதற்குப் பிறகு என்னை அடிக்கப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். யாரும் அடிக்கவில்லை. "நல்ல புள்ளையப் படிக்க வச்சாய்ங்க" என்று ஒருவர் சொன்னதோடு சரி. வந்த கூட்டத்துக்கு அந்த அம்மாவே டீ சொன்னார். தம்பி, ஜவுளிக்கடைப் பையை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். அக்கா விடவில்லை. எட்டிப் பார்த்துவிட்டு, "கலரு நல்லாத்தான் இருக்கு. இத்தனை வருசம் தீவாளிக்கு எடுத்துத் தரல, இதுக்கு மட்டும் ஓடி வந்துட்ட. மாத்திட்டு, நல்ல நாளுக்கு வேற எடுத்துட்டு வா" என்றார். தம்பிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பொழுது சாய்ந்ததும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். துக்கம் நடந்த கேத வீட்டில் இருந்து போகிறபோது சொல்லிக்கொண்டு போகக்கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். 'வாரேன்' என்று சொன்னால் இன்னொரு கேதத்துக்கு வருவதாக ஆகிவிடும். அந்தப் பழக்கதோஷத்தில் தம்பி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பேசாமல் தெருவில் இறங்கி நடந்தார்.

"டேய்" என்றார் அக்கா. அவர் திரும்பினார்.

"சொல்லிட்டுப் போடா."

"போயிட்டு வாரேன்க்கா."

அடுத்து அந்த அம்மா என்னைப் பார்த்தார். நானும் சொன்னேன். ஏணியைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்த லைன்மேன் அண்ணனும் சொன்னார். கதவுக்கு மேலே இருந்து மகனும், "நான் அடுத்த மாசமே லீவு போட்டு வாரேம்மா" என்றார். அந்தப் பாக்கெட் மட்டும் ஒரு துண்டுகூடச் சிந்தாமல் வந்து சேர்ந்தது.

மறுநாள் காலையில் அலுவலகம் போனதும் அந்த வார்த்தையை எடுத்துவிட்டு, "பஞ்சவர்ணம் வீட்டு நெட் லைன் வேலை செய்யவில்லை" என்று நீளமாக எழுதினேன். கூடவே இன்னொன்றும் மாற்றினேன். இப்போதெல்லாம் எந்தச் செய்தியை எழுதினாலும் "டெஸ்ட் ஒன்று" என்று போட்டுச் சோதிப்பதில்லை. அந்த இடத்தில் என் அம்மாவின் பெயரைப் போட்டு, வாய்விட்டு ஒருமுறை படித்து, என் நெஞ்சு பதறவில்லை என்று தெரிந்த பிறகுதான் அடுத்தவர் வீட்டுக்கு அதை அனுப்புகிறேன்.